காலியிடம் இல்லை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வாஷிங்டனில் பிரிட்டன் தூதராக இருந்த சர் கிம் டாரக் 2019இல் பதவி இழந்தது ட்ரம்ப் நிர்வாகத்தைக் குறைசொல்லி ரகசியமாக எழுதிய தம் பேனாவாலா, லண்டன் கைவிட்டதாலா என்பது கேள்வி. கைவிட்டதால்தான் என்பது எங்கள் அணி.

"டாரக் படித்தது விலங்கியல், மனிதர்களோடு பழக அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு எதிரணித் தலைவர் கைதட்டல் வாங்கிக்கொண்டார். ஐயா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவர் விலங்கியல் படித்தது உண்மைதான். கூண்டுக்கு வெளியே நின்று, பார்த்ததைப் பார்த்தபடி குறித்துக்கொண்டு, உள்ளே கையை விடாமல் திரும்பிவர அதைவிடப் பொருத்தமான படிப்பு உண்டா? ட்ரம்ப் நிர்வாகம் திறமையற்றது என்று லண்டனுக்கு ரகசியமாக எழுதியவர், அதிபரிடம் பேசப்போனால் அண்மையில் அவர் செய்த ஏதாவதொன்றைப் பாராட்டித் தொடங்குங்கள் என்றும் எழுதினார். பழகத் தெரியாதவர் தரும் யோசனையா இது? இருக்கும் நாட்டின் நிலவரத்தை அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பது தூதரகத்தின் கடமை என்று 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையே சொல்கிறது.

2016 நவம்பரில், தேர்தலில் வென்ற கையோடு, பிரிட்டன் அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் வாஷிங்டனுக்குத் தூதராக வந்தால் பிரமாதமாக இருக்கும் என்று ட்ரம்ப் ட்விட்டரில் எழுதினார். விருந்துக்கு நம் வீட்டிலிருந்து யார் வரவேண்டும் என்று எதிர்வீட்டுக்காரர் முடிவு செய்வதைப் போன்ற கதை இது. பிரிட்டன் பிரதமர் அலுவலகமான டவுனிங் தெரு என்ன சொன்னது? காலியிடம் இல்லை! ஆள் இருக்கிறார், நல்லவர், நாற்காலி காலியில்லை, போய் வாருங்கள்! கேட்கவே எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது!

டாரக்கின் ரகசியக் குறிப்புகள் பத்திரிகையில் கசிந்த மறுநாள், 2019 ஜூலை 8 அன்று, இனி டாரக்கோடு பேச மாட்டோம் என்றார் ட்ரம்ப். கத்தார் அமீருக்கு அன்றிரவு அளித்த விருந்துக்கு டாரக்கை அழைத்தவர்களே வரவேண்டாம் என்றார்கள். "காலியிடம் இல்லை" என்று மறுபடி முழங்கவேண்டிய நேரம் அதுதானே? தெரசா மே ஆதரித்தார். ஆனால் அவரே விடைபெறும் பிரதமர். 9ஆம் தேதி தொலைக்காட்சி விவாதத்தில், பிரதமர் நாற்காலிக்குப் போட்டியிட்ட இருவரில் ஒருவரான ஜெரமி ஹண்ட், டாரக்கை வைத்துக்கொள்வேன் என்றார். மற்றவரான போரிஸ் ஜான்சனோ, திரும்பத் திரும்பக் கேட்டும் நழுவினார். மறுநாளே டாரக் விலகினார்.

அரசுக் குடியிருப்பில் வளர்ந்து, உதவித்தொகையில் பள்ளிப்படிப்பை முடித்து, 1977இல் வெளியுறவுத் துறையில் சேர்ந்து, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் வரை உயர்ந்த மனிதர் அவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவருக்கு அந்த விவாத இரவில் தேவைப்பட்டது, "அவர் எங்கள் ஆள்" என்ற ஒரு வார்த்தைதான். பிள்ளைகளை அரசுப் பணிக்கு அனுப்பிவிட்டு இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அந்த வார்த்தையைச் சொல்லாத ஜான்சனை விட்டுவிட்டுப் பேனாவுக்குத் தண்டனை தரலாமா என்று நடுவரை நீங்களே கேளுங்கள். நன்றி, வணக்கம்.