முத்தம்மா தோற்ற வழக்கு

மழையிலும் டிராஃபிக்கிலும் பெங்களூர் அல்சூர் வரை வந்து சேர்ந்த எல்லாருக்கும் வணக்கம்.

முத்தம்மா என்றதும் நம் தெருவில் பூ விற்கிற அம்மா ஞாபகம் வரும். நான் பேச வந்த சி.பி. முத்தம்மா குடகுக்காரர். 1924இல் விராஜ்பேட்டையில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பா தவறிவிட்டார். நாலு பிள்ளைகளையும் படிக்க வைத்தது அம்மா. பட்டப்படிப்பு சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில், அப்புறம் மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. ஆக, அவரில் தமிழர்களான நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு!

1948இல் குடிமைப் பணித் தேர்வில் தேறினார். அதில் தேறிய முதல் பெண் அவர்தான். வெளியுறவுப் பணி பெண்ணுக்கு ஒத்துவராது என்று நேர்முகத்திலேயே மனதைக் கலைக்கப் பார்த்தார்கள். அசையவில்லை. சரி, வா என்றவர்கள் ஒரு தாளை நீட்டினார்கள்: கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடு. கொடுத்தார். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பாரிஸ், ரங்கூன், லண்டன் என்று ஊர் ஊராக வேலை. 1970இல் ஹங்கேரிக்குத் தூதர். விஜயலட்சுமி பண்டிட் அதற்கு முன்பே தூதராக இருந்தவர்தானே என்பீர்கள். அவர் அரசியலிலிருந்து போனவர். பணியில் சேர்ந்து படிப்படியாக ஏறித் தூதரான முதல் பெண் முத்தம்மாதான்.

அதற்கு மேல் ஏறவிடவில்லை. தகுதி போதாது என்று பதவி உயர்வை மறுத்தார்கள். பணியில் இருந்துகொண்டே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார் மனுஷி. சம்பளம் கொடுக்கிற அரசாங்கத்தின் மேலேயே வழக்கு!

அவர் எடுத்துக் காட்டிய 1961ஆம் வருஷத்து விதிகளைக் கேளுங்கள். பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பால் வேலை கெடுகிறது என்று அரசு நினைத்தால், ராஜினாமா செய்யச் சொல்லலாம். மணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் நியமனம் உரிமையே அல்ல. ஆணுக்கு இப்படி ஒரு வரிகூடக் கிடையாது. ஆண்களுக்குக் குடும்பமே இல்லை போலிருக்கிறது.

வழக்கு நடக்கும்போதே அரசு அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்து, நெதர்லாந்துக்குத் தூதராகவும் போட்டது. கேட்டது கிடைத்துவிட்டதே என்று 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடி. ஆனால் தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், சும்மா விடுவாரா? மணமான ஆணுக்கு ஓர் உரிமை இருந்தால், மற்றதெல்லாம் சமமாக இருக்கையில், மணமான பெண்ணுக்கும் அது உண்டு என்று எழுதினார். முத்தம்மாவின் பணிமூப்பை மறுபடி பாருங்கள் என்றும் அரசுக்குச் சொன்னார். நியமனம் உரிமையல்ல என்ற விதியை எடுத்துவிட்டோம், கல்யாண அனுமதி விதியும் போகப்போகிறது என்று அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று.

1982இல் ஓய்வு. பிறகு குடகுச் சமையல் பற்றி ஒரு புத்தகம்கூட எழுதினார். 2009 அக்டோபரில், இதே பெங்களூரில் காலமானார். அப்போது அந்தப் பணியின் உச்சப் பதவியான வெளியுறவுச் செயலர் நாற்காலியில் இருந்தவர் நிருபமா ராவ். மணமானவர். அவர் கணவர் சுதாகர் ராவ், இங்கே விதான சௌதாவில் கர்நாடகத்தின் தலைமைச் செயலராக இருந்தவர்.