மனுஷங்களை வேட்டையாடின ரோபோ, ஒரு மனுஷக் குழந்தையை வளர்த்தா?

வணக்கம் மக்களே! அப்பா ஒரு ரோபோ, மகன் ஒரு மனுஷன். மகன்னா உயிரையே விடுவார். ஆனா அந்த அப்பாவோட பழைய வேலை என்ன தெரியுமா? மனுஷங்களை வேட்டையாடுறது!

[திரையில்: நாவலின் அட்டை]

அமெரிக்க எழுத்தாளர் டி.ஜே. க்ளூன் எழுதி 2023ல வந்த ‘இன் த லைவ்ஸ் ஆஃப் பப்பெட்ஸ்’. காட்டுக்குள்ள மரக்கிளைகள்ல வீடு. அதுல அப்பா ரோபோ ஜியோ, மகன் விக்டர், ஒரு நர்ஸ் ரோபோ, பயந்தாங்கொள்ளியா ஒரு குட்டி வாக்குவம் கிளீனர். ஒருநாள் ஜியோவைப் பிடிச்சு நகரத்துக்குக் கொண்டுபோயிடறாங்க, மத்தவங்க மீட்கக் கிளம்புறாங்க. கதைச் சுருக்கம் போதும், விஷயத்துக்கு வர்றேன்.

இது, மரப்பொம்மைப் பையன் பினோக்கியோ கதையோட வாரிசு. நம்மள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்ச பினோக்கியோ டிஸ்னியோட 1940 படம்தான். இத்தாலியில கார்லோ கொல்லோடி 1881ல ஒரு சிறுவர் பத்திரிகையில தொடரா எழுத ஆரம்பிச்ச மூலக் கதையைப் படிச்சா ஆடிப்போயிடுவீங்க!

[திரையில்: பழைய பினோக்கியோ ஓவியம்]

டிஸ்னி படத்துல கூடவே வந்து வழிகாட்டுமே ஒரு சுவர்க்கோழி? மூலத்துல நாலாவது அத்தியாயத்துலயே பினோக்கியோ வீசின மரச்சுத்தியல் பட்டு அது செத்துப்போகுது. இன்னும் கேளுங்க. பதினஞ்சாவது அத்தியாயத்துல பினோக்கியோவையே ஓக் மரத்துல தூக்குல தொங்கவிட்டுடறாங்க. கதை முடிஞ்சதுன்னு கொல்லோடி பேனாவை மூடி வெச்சுட்டார்! படிச்சிட்டிருந்த பிள்ளைங்க விடல. அதனாலதான் 1882ல கதை மறுபடி தொடர்ந்துச்சு, நீலத் தேவதை வந்து அவனைக் காப்பாத்துறா.

கடைசியில பொம்மை நல்ல பிள்ளையா மாறி, நிஜப் பையன் ஆகுது. எனக்கு உறுத்துறது இந்த இடம்தான். மரமாவே இருந்திருந்தா அவனை மகன்னு ஏத்துக்கக் கூடாதா? க்ளூன் இதைத் தலைகீழாப் புரட்டிட்டார். இங்க பையன் ஏற்கெனவே மனுஷன், சுத்தி இருக்கிறவங்கதான் பொம்மைங்க. யாரும் யாருக்காகவும் வேற ஒண்ணா மாற வேண்டியதில்ல.

இதுல என் செல்லம் நர்ஸ் ராட்செட். வைத்தியம்னாலே ட்ரில் போட்டுத் துளைக்கணும்னு கை பரபரக்கும். யாராவது அழுதா, ‘பரிவு மோட்’ போட்டாச்சுன்னு முதல்ல அறிவிப்பு கொடுக்கும். இதமா ரெண்டு வார்த்தை பேசும். உடனே ஆஃப்! ஆனா ஆபத்து வந்தா விக்டரை விட்டு ஓரடி நகராது. அதுக்கு எந்த மோடும் போட்டுக்கறதில்ல, கவனிச்சீங்களா? பாசம்ங்கிற வார்த்தையையே சொல்லாம பாசத்தைக் காட்டின இடங்கள் அதெல்லாம்.

குப்பைமேட்டுல கிடந்த, விக்டர் பழுது பார்த்து எழுப்புற ஹேப்புன்னு ஒரு ரோபோவும் இருக்கான். எப்பவும் உறுமல், வள்ளுன்னு விழுவான். ஜியோவோட அந்தப் பழைய வேலையில அவனுக்கும் பங்கு உண்டு. அதுக்கு மேல நான் வாய் திறக்க மாட்டேன்.

நகரத்துக்குள்ள நுழைஞ்சதும் கதை ரொம்ப வேகமா ஓடுது, அது ஒரு குறை. காட்டு வீட்டுப் பகுதியை மட்டும் நிதானமாப் படிங்க.

இப்போ உங்ககிட்ட ஒரு கேள்வி. அவ்வளவு பேரைக் கொன்ன ஜியோவை, அதெல்லாம் தெரிஞ்ச பிறகும் விக்டர் அப்பான்னு கூப்பிடலாமா? நான் கூப்பிடலாம்னுதான் சொல்வேன். நீங்க கமெண்ட்ல சொல்லுங்க, முடிவை மட்டும் உடைச்சிடாதீங்க!