ஈரம் வற்றாத மூலைக்கு ஒரு கல்வாழை

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் வழிந்தோ, மழைத் தண்ணீர் தேங்கியோ எப்போதும் சொதசொதவென்று கிடக்கிற ஒரு மூலை இருக்கும். ரோஜா வைத்தால் வேர் அழுகும். மண்ணைக் கொட்டி மேடாக்கினால் அடுத்த மழையில் பழையபடி ஆகிவிடும். அந்த மூலையோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? அங்கே கல்வாழையை வையுங்கள். யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்.

ஆள் உயரத்துக்கு வளரும். அகன்ற இலை, சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று பூ. பார்க்க வாழை மாதிரி இருப்பது தற்செயல் அல்ல. வாழை, மஞ்சள், இஞ்சி எல்லாம் இதற்குத் தூரத்துச் சொந்தம். கழிவுநீரைச் சுத்தப்படுத்த அமைக்கிற பாத்திகளிலேயே இதை நடுகிறார்கள் என்றால், உங்கள் குழாயடி எம்மாத்திரம்! வெயில் மட்டும் வேண்டும். நிழலில் இலைதான் மிஞ்சும்.

இதன் விதையைக் கையில் எடுத்திருக்கிறீர்களா? மிளகைவிடப் பெரிது, கறுப்பு, கல் மாதிரி. ஆங்கிலத்தில் இதற்குத் துப்பாக்கி ரவையின் பெயரையே வைத்துவிட்டார்கள். அர்ஜென்டினாவில் ஒரு பழைய கல்லறையில் கிலுகிலுப்பைகள் கோத்த மாலை ஒன்று கிடைத்தது. கிலுகிலுப்பை என்றால் வால்நட் ஓடு. உள்ளே கல்வாழை விதை. ஓட்டில் துளையே இல்லை! அப்புறம் விதை எப்படி உள்ளே போனது? காய் பிஞ்சாக இருக்கும்போதே விதையைச் செருகியிருக்கிறார்கள். ஓடு வளர்ந்து மூடிக்கொண்டது. ஆகவே ஓட்டுக்கு என்ன வயதோ, விதைக்கும் குறைந்தது அந்த வயது. கார்பன் முறையில் கணித்தால் ஏறக்குறைய 600 ஆண்டுகள். அந்த விதையில் ஒன்று முளைத்தது, ஐயா! 600 ஆண்டு கழித்து! இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

நமக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம். விதையைச் சிமெண்ட் தரையில் உள்ளே வெள்ளை தெரிகிறவரை தேய்த்து, ஓர் இரவு ஊறப்போட்டால் போதும். ஆனால் கலப்பின ரகங்களில் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. அதனால் கிழங்குதான் சுலபம். இரண்டு மூன்று முளை உள்ள துண்டாக வெட்டுங்கள். வெட்டினதும் சேற்றில் புதைத்தால் அழுகும். ஒரு நாள் நிழலில் வெட்டுவாய் காயட்டும். பிறகு நாலு விரற்கடை ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளி விட்டு நடுங்கள்.

இன்னொன்று, திரும்பத் திரும்பச் சொல்வேன்: பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுங்கள். குலை தள்ளின வாழை மறுபடி தள்ளுமா? இதுவும் அப்படித்தான். வெட்டினால் பக்கக்கன்று வெளிச்சம் பார்த்து எழும். பாவம் என்று விட்டுவைத்தவர்கள்தான் ‘பூக்கவே மாட்டேன் என்கிறது’ என்று என்னிடம் வருவார்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பூச்சியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: இலை சுருண்டிருந்தால் உள்ளே புழு இருக்கும், பிரித்து எடுத்துவிடுங்கள். இலையில் நரம்போடு மஞ்சள் கோடு ஓடினால் வைரஸாக இருக்கலாம்; மருந்து கிடையாது, கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள், அந்தக் கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நடுவதைச் சொல்ல... சரி, நேரமில்லை. வணக்கம்.