துருசும் வானும்

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் தண்ணீரை மறிக்கவும் திறக்கவும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தின் துருசை, அதாவது மதகை, திறந்தால் பரந்தன், முரசுமோட்டை வயல்களுக்குத் தண்ணீர் போகும். எந்த வாய்க்காலுக்கு எப்போது முறை என்பதில் சண்டையும் வரும். என் வேலையும் ஏறக்குறைய அதுதான். என்ன, என் வாய்க்கால்கள் தலைமயிர் அகலம்.

நான் செய்யும் நுண்பாய்மச் சில்லு என்பது தீப்பெட்டியளவு சிலிக்கோன் றப்பர் துண்டு. உள்ளே 100 மைக்ரோமீற்றர் அளவு ஓடைகள். ஒரு சொட்டு இரத்தத்தை விட்டால் கலங்களைப் பிரிப்பது, மருந்தோடு கலப்பது, சூடாக்குவது, கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் அதற்குள்ளேயே செய்யலாம்.

அதில் துருசு வைப்பது எப்படி? சில்லில் இரண்டு படை. கீழே திரவம், மேலே காற்று. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் நடுவில் மெல்லிய றப்பர்த் தோல். காற்றை அமுக்கினால் தோல் கீழே வீங்கி ஓடையை அடைக்கும், விட்டால் திறக்கும். 2000ஆம் ஆண்டில் ஸ்டீபன் குவேக்கின் குழு அமெரிக்காவில் செய்தது இது. ஓடையின் மேற்புறம் வளைவாக இருக்கவேண்டும், பெட்டிபோல இருந்தால் மூலைகளில் கசியும். காற்றுவழி ஓர் ஓடையை அடைக்காமல் தாண்டிப்போக வேண்டுமென்றால் அந்த இடத்தில் காற்றுவழியை ஒடுக்கிவிடுவோம். ஒடுங்கிய தோல் அவ்வளவாக வளையாது.

சரி, ஆயிரம் ஓடைக்கு ஆயிரம் காற்றுக்குழாய் செருக இடமேது? எட்டு ஓடை என்று வையுங்கள். முதற் சோடிக் காற்றுவழியில் ஒன்று இடப்பக்க நான்கையும் மறிக்கும், மற்றது வலப்பக்க நான்கையும். அடுத்த சோடி மிஞ்சிய நான்கை இரண்டாக்கும், மூன்றாவது ஒன்றாக்கும். எட்டு ஓடைக்கு ஆறு வழி, பெரிய இலாபமில்லை. ஆனால் பத்துச் சோடி, அதாவது 20 வழி, 1024 ஓடைகளை ஆளும்! 2002இல் அதே குழு ஆயிரம் சிற்றறைகளைத் தனித்தனியே அணுகும் சில்லைக் காட்டியது.

கலப்பதில்தான் நம்முடைய வயல் அனுபவம் கைவிடும். இரண்டு வாய்க்கால் சேர்ந்தால் தண்ணீர் சுழித்துக் கலக்கும். இங்கே சுழியே இல்லை. சிவப்புச் சாயமும் நீலச் சாயமும் கோடு போட்டதுபோலப் பக்கம் பக்கமாக ஓடும், மெல்லப் பரவித்தான் கலக்கும். தூரம் இரட்டித்தால் பரவும் நேரம் நான்கு மடங்கு. அதனால் ஓடையின் தரையில் மீன்முள்போல வரிப்பள்ளம் வெட்டித் திரவத்தைத் திருகவைப்போம். என் முதற் சில்லை மூன்று கிழமை வரைந்தேன். ஒரேயொரு காற்றுக்குமிழி உள்ளே போய் அடைத்தது. அவ்வளவுதான்.

இனி எனக்கிருக்கும் குறை. சில்லு தீப்பெட்டியளவு, பக்கத்திலோ காற்றமுக்கி, வால்வுப் பெட்டி, கணினி, நுணுக்குக்காட்டி. வயலில் இறங்கிய கமக்காரர் காய்ச்சலோடு வந்தால் எலிக்காய்ச்சலா டெங்குவா என்று ஊர் மருத்துவமனையில் பார்க்க இந்தச் சாமான்களை எங்கே வைப்பது? மலேரியாவுக்குப் பாவிக்கும் சோதனைப் பட்டிக்குப் பம்பே வேண்டாம், திரவத்தைத் தானே உறிஞ்சும். நான் அந்தப் பக்கந்தான்.

அண்மையில் ஒரு மாணவி 24 துருசு போட்ட வரைபடத்தோடு வந்தார். காற்றுக்கு எங்கே போவது பிள்ளை என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து வந்து, "துருசைப் பூட்டி வைச்சாலும் குளம் நிரம்பினா வான் பாயுந்தானே, சேர்?" என்றார். ஓடை சட்டென்று அகலும் இடத்தில் திரவம் தன் மேற்பரப்பு இழுவிசையால் நின்றுவிடும். பின்னாலிருந்து அமுக்கம் கூடினால்தான் தாண்டும். பிள்ளை சொன்ன வான், அதாவது குளம் நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம், அதுதான். இப்போது வரைபடத்தில் ஐந்து வான், துருசு ஒன்றுகூட இல்லை. அடுத்த கிழமை அச்சு வார்க்கிறோம்.