மூணாவது நாளும் தங்கினா கள்ளத் தீர்க்கதரிசி! ஆதிசபை வெச்சிருந்த ரூல்ஸ்

உங்க ஊருக்கு ஒரு ஊழியக்காரர் வர்றார். பயங்கர வல்லமை. சபையே எழும்பி நிக்குது. ஒரு நாள் தங்கறார், சரி. ரெண்டாவது நாள் தங்கறார், பரவாயில்லை. மூணாவது நாளும் காலையில எழுந்து காபி கேக்கறார்னா, அவர் கள்ளத் தீர்க்கதரிசி.

இது என் கருத்து இல்லைங்க. ஏறக்குறைய 1900 வருஷத்துக்கு முன்னாடி கிறிஸ்தவங்களே எழுதி வெச்ச ரூல். இன்னிக்கு அதை நடைமுறைப்படுத்தினா எத்தனை கன்வென்ஷன் கேன்சல் ஆகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னிக்கு தீர்க்கதரிசன வரம், அதாவது தேவன் உணர்த்தறதை மத்தவங்களுக்குச் சொல்ற வரம். "அது அப்போஸ்தலர் காலத்தோட முடிஞ்சு போச்சு"ன்னு நம்பற பிரதரன் சபை நண்பர்கள் கமெண்ட்ல ரெடியா இருப்பீங்க, தெரியும். அந்த விவாதத்துக்குள்ள இன்னிக்கு நான் போகலை. வரம் இருக்குன்னு நம்பறவங்க அதை எப்படிப் பயன்படுத்தணும்ங்கறதுதான் நம்ம கேள்வி.

பேக்ரவுண்ட் சீக்கிரமா முடிச்சிடறேன். கி.பி. 55 வாக்கில அப்போஸ்தலர் பவுல் எபேசுல இருந்து கொரிந்து சபைக்கு ஒரு கடிதம் எழுதறார். சபையில கூச்சல், குழப்பம், யாருக்கு வரம் பெருசுன்னு போட்டி. அந்தக் கடிதத்தோட 12, 13, 14 அதிகாரங்கள்தான் நமக்கு வேணும். முடிஞ்சுது பேக்ரவுண்ட்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கொரிந்துல இருந்து வளைகுடாவைத் தாண்டினா அக்கரையில டெல்பி. கிரேக்க உலகத்திலேயே பேர் போன குறி கேக்கற இடம். அங்க அப்பொல்லோ கோயில்ல பித்தியான்னு ஒரு பெண் முக்காலியில உக்கார்ந்து வாக்கு சொல்லுவாங்க. அவங்க உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டைக் கொண்டு வந்து அது மேல குளிர்ந்த தண்ணி ஊத்துவாங்க. ஆடு உடம்பு முழுக்க நடுங்கணும். நடுங்கினாத்தான் சாமி உத்தரவு கொடுத்திருக்குன்னு அர்த்தம். நடுங்கலைன்னா அன்னிக்கு வாக்கு கிடையாது. இதை எழுதி வெச்சது டெல்பியிலேயே பூசாரியா இருந்த புளூட்டார்க்.

கெடா வெட்டு பாத்த நம்ம ஊர்க்காரங்க இப்போ சிரிச்சிருப்பீங்க! தண்ணி தெளிச்சதும் ஆடு சிலிர்த்துக் குலுக்குதான்னு மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்ல? கிரேக்கத்துலயும் அதேதான். ஒரு தடவை ஆடு நடுங்க மாட்டேன்னு அடம் பிடிச்சிருக்கு. வெளியூர்ல இருந்து பெரிய ஆளுங்க வந்து காத்திருக்காங்களேன்னு பூசாரிங்க விடாம தண்ணி ஊத்தி ஊத்தி, ஆடு முழுசா நனைஞ்சு, ஒரு வழியா நடுங்கிருச்சு. விருப்பம் இல்லாத பித்தியாவை உள்ள அனுப்பினாங்க. அவங்க குரலே மாறி, அலறிக்கிட்டு வாசலுக்கு ஓடி வந்து விழுந்து, கொஞ்ச நாள்லயே செத்துட்டாங்க. இதுவும் புளூட்டார்க் சொல்றதுதான். ஆள் காத்திருக்காங்க, நிகழ்ச்சி நடந்தே ஆகணும்ங்கற நெருக்கடி. மேடையில மைக் பிடிச்சவங்க யாருக்காவது இது பழக்கமா தெரியுதா?

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, இந்த மாதிரி கோயில்கள் சுத்தி இருந்த ஊர்க்காரங்களுக்குத்தான் பவுல் எழுதறார். உடம்பு ஆடினா, குரல் மாறினா, தன்னை மறந்தா அதுதான் தெய்வ வாக்குன்னு பழகின காதுகள். அவங்ககிட்ட பவுல் சொல்றதைக் கேளுங்க.

(திரையில்: 1 கொரிந்தியர் 14:29)

"தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்."

நிதானிக்கறதுன்னா, சொன்னது சரிதானான்னு எடை போட்டுப் பாக்கறது. அடுத்த வசனத்துல இன்னொரு அடி. உக்கார்ந்திருக்கிற வேற ஒருத்தருக்கு ஏதாவது வெளிப்பட்டா, முந்திப் பேசினவர் பேசாம இருக்கணுமாம். அதாவது, பேசிக்கிட்டே இருக்கறவர் நிறுத்தணும்! "ஆவியானவர் என்னை விட மாட்டேங்கறார் பிரதர், என்னால அடக்க முடியலை"ன்னு சொல்றவங்களுக்கு 32-ஆம் வசனம்: "தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறதே." டெல்பியில பித்தியாவை நடுவுல நிறுத்தச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? இங்க கடைசி பெஞ்சுல இருக்கற ஒரு அக்கா கை தூக்கினா போதும்.

இப்படி நிறுத்தறதுக்குத் தாழ்மை வேணும். தாழ்மைன்னா நாம என்ன நினைக்கிறோம்? வெள்ளை வேஷ்டி, மெல்லிய குரல், "நான் ஒண்ணுமில்லை, தூசி"ன்னு ரெண்டு வரி. அப்புறம் அதே குரல்ல "கர்த்தர் உரைக்கிறார், இந்த வீட்டை வித்துரு". அது தாழ்மை இல்லைங்க. "இல்லை பாஸ்டர், இது சரியா படலை"ன்னு ஒருத்தர் சொல்ல இடம் இருக்கா, சொன்னப்புறமும் அந்த ஆளுக்கு சபையில மரியாதை இருக்கா? என் அளவுகோல் அவ்வளவுதான்.

இதுக்கு பைபிள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள், தாவீது ராஜா காலத்துத் தீர்க்கதரிசி நாத்தான். 2 சாமுவேல் 7. தாவீது ராஜா, "நான் கேதுருமர வீட்டுல இருக்கேன், தேவனுடைய பெட்டி திரைக்குள்ள இருக்கே"ன்னு வருத்தப்படறார். ஆலயம் கட்ட ஆசை. நாத்தான் உடனே, நீர் போய் உம்ம மனசுல இருக்கறதை எல்லாம் செய்யும், "கர்த்தர் உம்மோடு இருக்கிறாரே"ன்னு சொல்லிட்டார். நல்ல ஆசை, நல்ல ராஜா, சொன்னதும் நல்ல வார்த்தை. அன்னிக்கு ராத்திரியே கர்த்தர் நாத்தான்கிட்ட பேசறார்: ஆலயம் கட்டப் போறது தாவீது இல்லை, அவன் மகன். மறுபடி ராஜாகிட்ட போய், முன்னாடி சொன்னதுக்கு நேர்மாறா சொல்லணும். நாத்தான் போனார், சொன்னார். "நான் சொன்னதை நீர்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டீர்"னு ஒரு வார்த்தை இல்லை. "ஆவிக்குரிய ஆலயத்தைத்தான் சொன்னேன்"னு சமாளிப்பு இல்லை.

சமாளிப்புன்னதும் நம்ம பக்கத்துல நடந்த ஒரு சரித்திரம். 1860-ல திருநெல்வேலிப் பக்கம் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் தலைமையில ஒரு பெரிய எழுப்புதல். அந்நிய பாஷை, தரிசனம், தீர்க்கதரிசனம் எல்லாம் இருந்துச்சு. அமெரிக்காவுல அசூசா தெருவுல பெந்தெகொஸ்தே எழுப்புதல் வர்றதுக்கு 46 வருஷம் முன்னாடி! இதுக்கே தனி வீடியோ போடலாம். அப்புறம் 1870-கள்ல திருவிதாங்கூர்லயும் எழுப்புதல். அங்க ஒரு முக்கியமான ஆள் யுஸ்துஸ் ஜோசப். தமிழ் பிராமணக் குடும்பத்துல இருந்து கிறிஸ்தவரா மாறி, ஆங்கிலிக்கன் குருவானவர். பெரிய படிப்பாளி, "வித்வான் குட்டி"ன்னு பேர். அவர் எழுதின மலையாளப் பாட்டுகளை இன்னிக்கும் பாடறாங்க. அந்தக் கூட்டத்துல 1875-ல ஒரு வெளிப்பாடு வருது: இன்னும் ஆறே வருஷம், 1881-ல கிறிஸ்து வருவார். ஜனங்க நம்பினாங்க. 1881 வந்துச்சு, போச்சு. இயேசு கண்ணுக்குத் தெரியற மாதிரி வரலை. உடனே விளக்கம் மாறுது: அவர் ஆவியில வந்துட்டார். அதை வெச்சு யுயோமயம்னு ஒரு தனி மார்க்கமே உருவாச்சு.

இவரை நான் மோசக்காரர்னு சொல்லலை, பாசாங்கு பண்ணினார்னும் நினைக்கலை. ஆனா நாத்தானுக்கு ஒரே ராத்திரியில முடிஞ்ச விஷயம், இங்க ஒரு புது மதம் வரைக்கும் போச்சு. "தேதி தப்பு"ங்கற ரெண்டே வார்த்தை வெளிய வர அவ்வளவு கஷ்டம்!

சரி, ஆரம்பத்துல சொன்ன மூணு நாள் ரூலுக்கு வருவோம். டிடாகே. "பன்னிரு அப்போஸ்தலரின் போதனை"ன்னு சொல்லப்படற சின்ன கையேடு. முதல் நூற்றாண்டு கடைசி அல்லது ரெண்டாம் நூற்றாண்டு ஆரம்பம்னு சொல்றாங்க. பல நூற்றாண்டு காணாமப் போயிருந்துச்சு. 1873-ல கான்ஸ்டான்டிநோபிள்ல ஒரு நூலகத்துல பிலோதியோஸ் பிரயென்னியோஸ்னு ஒரு கிரேக்க சபைத் தலைவர் கையில, 1056-ல நகல் எடுத்த ஒரு ஏட்டுல கிடைச்சுது. 1883-ல அச்சுல வந்துச்சு.

அந்தக் காலத்துல ஊர் ஊராப் போற அப்போஸ்தலர்கள், தீர்க்கதரிசிகள் நிறைய. யாரு உண்மை, யாரு போலின்னு எப்படித் தெரியும்? 11-ஆம் அதிகாரம் சொல்லுது. வர்ற அப்போஸ்தலனை கர்த்தரை ஏத்துக்கற மாதிரி ஏத்துக்கோ. ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டா ரெண்டு. மூணு நாள் தங்கினா கள்ளத் தீர்க்கதரிசி. கிளம்பும்போது அடுத்த ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் ரொட்டி கொடு. பணம் கேட்டா கள்ளத் தீர்க்கதரிசி.

இதுக்கப்புறம் வர்றதுதான் எனக்கு உச்சம். ஒருத்தர் ஆவியில, "ஒரு பந்தியை ஆயத்தம் பண்ணுங்க"ன்னு சொல்றார்னு வெச்சுக்கோங்க. உண்மையான தீர்க்கதரிசின்னா அந்தப் பந்தியில அவர் சாப்பிட மாட்டார். சாப்பிட்டா போலி! "எனக்குப் பணம் கொடு"ன்னு ஆவியில சொன்னா காது கொடுக்காதே. ஆனா கஷ்டத்துல இருக்கற மத்தவங்களுக்குக் கொடுக்கச் சொன்னா, அவரை யாரும் குறை சொல்லக் கூடாது. எவ்வளவு கூர்மையா யோசிச்சிருக்காங்க பாருங்க. நிச்சயமா யாரோ ஒருத்தர் "ஆவியானவர் ஆட்டுக்கறி கேக்கறார்"ங்கற ரேஞ்சுல எங்கேயோ பண்ணியிருக்கார். இல்லாம இப்படி ஒரு ரூல் வராது.

ஊரோட தங்கற உண்மையான தீர்க்கதரிசிக்கு முதற்பலன், அதாவது விளைச்சல்ல முதல் பங்கு, கொடுக்கச் சொல்லுது 13-ஆம் அதிகாரம். தீர்க்கதரிசி இல்லாத ஊரா? அதை ஏழைகளுக்குக் கொடு. எல்லாப் பக்கமும் யோசிச்சுட்டாங்க.

ஒண்ணு மறைக்கக் கூடாது. இதே டிடாகே, ஆவியில பேசிக்கிட்டிருக்கிற தீர்க்கதரிசியை சோதிக்காதே, அது மன்னிக்கப்படாத பாவம்னும் சொல்லுது. பவுல் "மற்றவர்கள் நிதானிக்கட்டும்"ங்கறார், இது "சோதிக்காதே"ங்குது. முரண்பாடா? அடுத்த வரியைப் படிங்க: ஆவியில பேசற எல்லாரும் தீர்க்கதரிசி இல்லை, கர்த்தருடைய நடத்தை இருக்கறவன்தான். ஆக, பவுல் வார்த்தையை எடை போட்டுப் பாக்கச் சொல்றார், இவங்க ஆளையே எடை போட்டுப் பாக்கச் சொல்றாங்க. எனக்கு ரெண்டும் வேணும். ஒண்ணுதான்னு சொன்னா பவுல் பக்கம் நிப்பேன், ஏன்னா நல்லவங்களும் தப்பா சொல்ல முடியும். நாத்தான் நல்லவர்தானே?

ரெண்டாம் நூற்றாண்டுல ரோமாபுரியில ஹெர்மாஸ்ங்கற கிறிஸ்தவர் எழுதின நூல்லயும் ஒரு அடையாளம் இருக்கு: போலி ஆள் மூலையில தனியா வெச்சுத்தான் வாக்கு சொல்வான், அதுவும் கூலிக்கு. நீதிமான்கள் கூடியிருக்கிற சபைக்கு வந்தா ஊமையாயிடுவான். போன்ல தனிப்பட்ட தீர்க்கதரிசனம், காணிக்கைக்கு கியூ.ஆர். கோடு. நான் ஒண்ணும் சொல்லலை.

தப்பு கேக்கறவங்க பக்கமும் இருக்கு. 2020 அமெரிக்கத் தேர்தல்ல டிரம்ப்தான் ஜெயிப்பார்னு பல பேர் தீர்க்கதரிசனம் சொன்னாங்க. அதுல ஜெரமையா ஜான்சன்னு ஒருத்தர் 2021 ஜனவரியில பகிரங்கமா மன்னிப்பு கேட்டார். கைதட்டினாங்கன்னா நினைக்கிறீங்க? கொலை மிரட்டல் வந்துச்சுன்னு அவரே சொன்னார். அவரைத் திட்டினது அவரோட ஆதரவாளர்களேதான். அந்த ஏப்ரல்ல கரிஸ்மாட்டிக் தலைவர்கள், அதாவது இந்த வரங்கள் இன்னிக்கும் இருக்குன்னு நம்பற சபைத் தலைவர்கள் பலர் சேர்ந்து ஒரு அறிக்கை போட்டாங்க: இன்னிக்கு வர்ற எந்தத் தீர்க்கதரிசனமும் வேதத்துக்குச் சமம் இல்லை, பொதுவுல சொன்னது நடக்கலைன்னா பொதுவுலயே பொறுப்பேற்கணும். சரியான அறிக்கைதான். கொரிந்தியர் 14 கையில இருந்தும் 2021 வரைக்கும் காத்திருக்கணுமாங்கறதுதான் என் ஆதங்கம்.

அப்போ உண்மையிலேயே மனசுல ஏதோ பாரமா இருக்கு, யாருக்கோ சொல்லணும்னு தோணுது. என்ன பண்றது? "எனக்கு இப்படி உணர்த்தப்படுது, நீங்க ஜெபிச்சு, வேதத்தோட ஒப்பிட்டுப் பாருங்க"ன்னு சொல்லுங்க. முதல்ல மூப்பர் ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. கல்யாணம், குழந்தை, மாத்திரையை நிறுத்தறது, சொத்து, இந்த நாலுலயும் வாயைத் திறக்காதீங்க. இது வசனம் இல்லை, என் சொந்தக் கண்டிஷன். இதனால உடைஞ்ச குடும்பங்களைப் பத்தி எனக்கு வர்ற மெயில்களைப் படிச்சா நீங்களும் இதையே சொல்வீங்க. பவுல் 14:3-ல கொடுக்கற பட்டியல் பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல். மாப்பிள்ளை பேரு அதுல இல்லை.

ஒரு கேள்வி உங்களுக்கு. அப்போஸ்தலர் 21:4-ல தீரு பட்டணத்துல இருந்த சீஷர்கள் "ஆவியின் ஏவுதலினாலே" பவுலை எருசலேமுக்குப் போக வேண்டாம்னு சொல்றாங்க. பவுல் போறார். செசரியாவுல அகபுங்கற தீர்க்கதரிசி வந்து பவுலோட கச்சையை எடுத்துத் தன் கையையும் காலையும் கட்டி, எருசலேம்ல உம்மை இப்படித்தான் கட்டுவாங்கன்னு காட்டறார். அப்பவும் பவுல் போறார். கடைசியில எல்லாரும் "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது"ன்னு அமைதியாயிடறாங்க. பவுலை யாரும் "ஆவியானவருக்குக் கீழ்ப்படியாதவன்"னு திட்டலை, சபையை விட்டுத் தள்ளலை. அப்போ பவுல் செஞ்சது சரியா? ஆவியானவர் சொன்னது ஒண்ணு, சீஷர்கள் அதுல இருந்து எடுத்த முடிவு இன்னொண்ணா? அடுத்த வீடியோ இதைப் பத்திதான். அதிகாரத்தை முழுசா படிச்சுட்டு கமெண்ட் போடுங்க. படிக்காம போடற கமெண்ட் முதல் வரியிலேயே தெரிஞ்சிடும், அதுக்கு ஒரு வரமும் தேவையில்லை.