அம்பத்தாறு நாள் பொறுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் கங்கைகொண்டான் தாண்டி கயத்தாறு போற பக்கம் ஒரு கரிசக்காட்டு ஊருல இருந்து வாறேன். எங்க வீட்ல தாத்தா காலத்துல இருந்தே கன்னின்னு சொல்லுத நாட்டுநாய் சாதிதான். கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேல ரெண்டு பழுப்புப் பொட்டு, ஒட்டுன வயிறு, நம்ம பக்கத்து ஆளுகளுக்கு இதச் சொல்லவே வேண்டாம். முன்ன முயல் வேட்டைக்கு வளத்தாங்க, இப்ப அது சட்டப்படி தப்பு, எங்களுக்கு ஆட்டுக்கிடைக்குக் காவலே அதுகதான். கன்னிய காசுக்கு விக்கக்கூடாது, நல்லா பாத்துக்கிடுவேன்னு வாக்கு வாங்கிட்டுத்தான் குடுக்கணும்னு எங்க ஆச்சி சொல்லுவா, நான் இன்னமும் அப்படித்தான் குடுக்கேன்.

ஆனா குட்டி போட்ட சேதி தெரிஞ்ச அன்னைக்கே போன் வர ஆரம்பிச்சிரும். "அக்கா, கண்ணு தொறந்துட்டா, எப்ப வந்து தூக்கட்டும்?" எல்லாருக்கும் நான் சொல்லுத ஒரே பதில், 56 நாள் பொறுங்க, எட்டு வாரம் முழுசா முடியட்டும். ஏன்னு இன்னைக்கு கொஞ்சம் விலாவாரியா சொல்லுதேன்.

சினை புடிச்சு 63 நாள் போல குட்டி போடும். பொறந்த குட்டிக்கு கண்ணும் தெரியாது, காதும் கேக்காது, முதல் ரெண்டு வாரம் அதுக உடம்புச்சூட்ட அதுகளாலயே காப்பாத்திக்கிட முடியாது. குளுந்துபோன குட்டிக்கு குடிச்ச பால்கூட செரிக்காது. அதனால சாக்குக்கு மேல பழைய நூல்சேலைய நாலா மடிச்சுப் போட்டு, ஒரு மூலைல மட்டும் குண்டு பல்பு தொங்க விடுவேன், சூடு கூடுனா அதுகளா தள்ளிப் போயிக்கிடும்.

முதல் நாள் சீம்பால் எல்லாக் குட்டிக்கும் போயிருக்கணும், அதுலதான் நோய் எதிர்ப்பு சக்தி இருக்கு. போன மார்கழில ஆறு குட்டி. ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு கலர் உல்லன் நூல லூசா கட்டி, தெனமும் காலைல நார்ப்பெட்டிக்குள்ள வச்சு தராசுல நிறுத்து நோட்ல எழுதினேன். செவப்பு நூல் குட்டி பொறக்கும்போதே 240 கிராம்தான், மூணாம் நாள் 230 ஆயிட்டு. மத்ததுக முட்டித் தள்ளிட்டுப் போயிருது, இது ஓரமா கெடந்து மெல்ல மெல்ல கத்துது. ராத்திரி பகல் பாக்காம ரெண்டு மணிநேரத்துக்கு ஒருக்க கடைசிக் காம்புல, அங்கதான் பால் ஜாஸ்தி, வாய வச்சுப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். பத்து நாள்ல பொறந்த எடைக்கு ரெண்டு மடங்கு வரணும், இது பன்னெண்டாம் நாள் 480 காட்டுச்சு, எனக்கு அழுகையே வந்திட்டு. தயவுசெஞ்சு யாரும் பாவம்னு பசும்பால ஊத்திறாதீங்க, வயித்தால போயி உசிருக்கே ஆபத்தாயிரும்.

பத்துல இருந்து பதினாலு நாளுக்குள்ள கண்ணு தொறக்கும். அந்த சமயத்துல எல்லாரும் குட்டியத்தான் பாப்பாங்க, தாய யாரும் பாக்க மாட்டாங்க. மூணாவது வாரம் ஒரு சாயங்காலம் எங்க தாய்நாய்க்கு காலெல்லாம் வெறச்சு, உடம்பு வெடவெடன்னு நடுங்குது, மேலுக்கு அனலா கொதிக்குது. பக்கத்து வீட்டு மைனி காத்துகருப்பு அடிச்சிட்டுன்னு வேப்பங்கொலைய ஒடிச்சிட்டு வந்துட்டாங்க. ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டு டாக்டர்ட்ட ஓடினோம், பால் குடுத்துக் குடுத்து ரத்தத்துல கால்சியம் எறங்கிப் போச்சாம், நரம்புல பைய பைய மருந்து ஏத்தினாரு, நடுக்கம் நின்னு எந்திச்சிட்டு. விடியட்டும்னு இருந்திருந்தா உசிரு போயிருக்கும்.

நாலாவது வாரத்துல இருந்து குழைஞ்ச சோத்துல அவிச்ச முட்டையப் பெசஞ்சு குடுக்கலாம், வயித்துப்பூச்சிக்கு மருந்து ரெண்டாவது வாரத்துல இருந்து 15 நாளைக்கு ஒருக்க. இதெல்லாம் டாக்டர் சொல்லிருவாரு.

நான் சொல்ல வந்தது அதுக்குப் பொறவு வர்ற நாலு வாரம். ஒண்ணு காத ஒண்ணு கடிக்கும், கடிபட்டது வீல்னு கத்தும், உடனே கடிச்சது விட்டுரும், ரொம்ப கடிச்சா மத்தது வெளையாட்டையே நிறுத்திட்டு எந்திச்சுப் போயிரும். தாயும் ஒரு உறுமல் உறுமும். எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு நாய்க்கு நாய்தான் நல்லா கத்துக்குடுக்கும், நாம கத்துக்குடுக்கிறது லேசுல நடக்காது. சில வருசத்துக்கு முன்ன சொந்தக்காரங்க ஒருத்தங்க பால்காய்ப்புக்கு வேணும்னு ஒத்தக்கால்ல நிக்க, முப்பதாம் நாளே குடுத்துட்டேன். தப்பு என்மேலதான். நாலு மாசத்துல திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டாங்க, வீட்டுப் பிள்ளைக கையெல்லாம் பல்லுத்தடம். குட்டி வெளையாடத்தான் செஞ்சிருக்கு, நிறுத்தத் தெரியல, அவ்வளவுதான். அதுக்கு இதச் சொல்லிக்குடுக்க எனக்கு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு.

குக்கர் விசில், பைக் சத்தம், சின்னப் பிள்ளைக, ஆட்டுமணி எல்லாம் இந்த வயசுல பழகிறணும், பழகலைன்னா பின்னால எதக் கண்டாலும் பயம்தான். முதல் தடுப்பூசி ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள, அடுத்தடுத்த ஊசி 16 வாரம் வரைக்கும் இருக்கு, வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசத்துல. இத ஒரு அட்டைல எழுதிக் கையில குடுத்துதான் அனுப்புவேன்.

பொட்டைக்குட்டி வேண்டாம்னு சொல்லுதவங்களுக்கு நான் கடுவனும் குடுக்கிறதில்ல. பொட்டைன்னு சாக்குல கட்டி ஆத்தோரம் போட்டுட்டுப் போறாங்களே, அதுகளும் இதே மாதிரி கண்ணு தொறக்காத குட்டிகதான். குட்டி வேண்டாம்னா கருத்தடை ஆபரேசன் பண்ணிக்கிடலாமே.

செவப்பு நூல் குட்டிய 58ஆம் நாள் சேரன்மகாதேவில ஒரு வீட்டுக்குக் குடுத்தேன், பொட்டைக்குட்டிதான். தாய் படுத்த சேலைத்துணில ஒரு துண்டையும் கிழிச்சு மடிச்சுக் குடுத்துவிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு போன், "அக்கா, அழுதுகிட்டே இருக்கு." அந்தத் துணிய விரிச்சு உங்க கட்டிலுக்குப் பக்கத்துல போடுங்கன்னேன். காலைல ஒரு போட்டோ வந்துச்சு, துணிக்குள்ள மூஞ்சியப் பொதச்சிக்கிட்டு நல்லா தூங்கிட்டு.