அடைப்புக்குறிக்குள் ஓர் அரை டிகிரி

(திரையில்: ஒரு வரைவு ஒப்பந்தத்தின் பக்கம். நடுவே [1.5] மட்டும் மஞ்சளில்.)

வணக்கம். இந்தச் சதுர அடைப்புக்குறியைக் கொஞ்சம் பாருங்கள். சர்வதேசப் பேச்சுவார்த்தைகளில் ஒரு சொல்லைச் சுற்றி இது போடப்பட்டிருந்தால், அந்தச் சொல்லுக்கு இன்னும் எல்லாரும் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம். கடைசி நாளுக்குள் குறி போக வேண்டும். போகவில்லை என்றால் உள்ளே இருக்கும் சொல் போய்விடும்.

2015 டிசம்பரில் பாரிஸில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டின் வரைவில் இப்படி நூற்றுக்கணக்கான அடைப்புக்குறிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குள் சிக்கியிருந்த எண்தான் 1.5. தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிடப் பூமியின் சராசரி வெப்பம் எவ்வளவு கூடலாம் என்பது கேள்வி. பெரிய நாடுகள் 2 டிகிரி என்றே பேசிப் பழகியிருந்தன. தீவு நாடுகள் 1.5 கேட்டன.

அரை டிகிரிக்கா இவ்வளவு சண்டை என்று தோன்றும்.

(திரையில்: கடலடியில் பவளப்பாறை. மெல்ல நிறம் வெளுக்கிறது.)

பவளம் கல் இல்லை, உயிர். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அதற்கு நிறம் கொடுப்பதும் பெரும்பகுதி உணவு கொடுப்பதும் அந்தப் பாசிகள்தான். கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி, அது சில வாரங்கள் நீடித்தால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும். சூடு தணிந்தால் மீளும். தணியாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். 2016-இல் நம் மன்னார் வளைகுடாவில் இதுதான் நடந்தது. அங்கே 21 தீவுகளை ஒட்டி பவளத் திட்டுகள் இருக்கின்றன. மீன்கள் ஒதுங்கவும் குஞ்சுகள் வளரவும் அவைதான் இடம்.

2018-இல் ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழு ஒரு கணக்குச் சொன்னது. 1.5 டிகிரி கூடினால் உலகின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் அழியும். 2 டிகிரி என்றால் 99 சதவீதத்துக்கும் மேல். அதாவது 1.5-இல் கொஞ்சமாவது விதை மிஞ்சும், 2-இல் அதுவும் இல்லை.

சரி, அந்த எண் எப்படி அடைப்புக்குறியைவிட்டு வெளியே வந்தது?

(திரையில்: பசிபிக் கடலில் மெல்லிய மோதிரம் போல ஒரு தீவு.)

மார்ஷல் தீவுகளின் நிலம் கடல்மட்டத்திலிருந்து சராசரியாக 2 மீட்டர் உயரம்தான். ஒரு வீட்டுக் கூரைகூட அதைவிட உயரம். அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர் டோனி டி ப்ரும், மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பிருந்தே சில நாடுகளின் அமைச்சர்களைச் சத்தமில்லாமல் கூட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஏழை நாடு, பணக்கார நாடு என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும் பழைய வழக்கத்தை அவர் உடைத்தார். ஐரோப்பிய நாடுகளும் ஆப்பிரிக்க, கரீபிய நாடுகளும் வந்தன, அப்புறம் அமெரிக்காவும் வந்தது. கடைசி நாள் அவர்கள் சேர்ந்தே அரங்கத்துக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு சிறு தென்னையோலைத் துண்டு குத்தியிருந்தது. 1.5 என்ற எண் பாரிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவில் ஏறியது.

அதே மாலையில் இன்னொன்றும் நடந்தது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைப்பதில் பணக்கார நாடுகள் முன்னிற்பதைப் பற்றிய வரியில் ‘ஷல்’ (shall) என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. செய்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அதில் உண்டு. அப்படியிருந்தால் தன் நாட்டு செனட்டின் ஒப்புதலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று அமெரிக்கா அஞ்சியது. மேடையில் திருத்தங்களை வாசித்தபோது அது ‘ஷுட்’ (should) ஆனது. எழுத்துப் பிழையைத் திருத்துவதுபோல வாசித்து முடித்தார்கள். கட்டாயம், எதிர்பார்ப்பாகச் சுருங்கியது. ஓர் எண்ணை வென்ற அதே நாளில் ஒரு வினைச்சொல்லை இழந்தோம். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

2021 நவம்பர் 13, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இன்னொரு ஐ.நா. காலநிலை மாநாடு. நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக ‘கைவிடுவது’ என்று இருந்த வரி, கடைசி நேரத்தில் இந்தியா கேட்டு ‘குறைப்பது’ என்று மாறியது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா குரல் தழுதழுக்க மன்னிப்புக் கேட்டார். பழியை இந்தியாமேல் மட்டும் போடுவது நியாயமில்லை. எண்ணெயையும் எரிவாயுவையும் விட்டுவிட்டு நிலக்கரியை மட்டும் கேட்டால் அது யாருக்கு வசதி? ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009-இல் சொன்ன வாக்கையும் பணக்கார நாடுகள் 2020-க்குள் நிறைவேற்றவில்லை. பணத்தை உறுதியாகக் கேட்பது நம் பிரதிநிதிகளின் கடமை. ஆனால் அந்த நியாயமான கோபத்தால் ஒப்பந்தத்தின் சொற்கள் பலவீனமானால், முதலில் அடி வாங்குவது நம் கரையோரத்துக் குடும்பங்கள்தான். பணத்துக்கும் அழுத்திக் கேளுங்கள், சொல்லையும் விட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

(திரையில்: ஓர் அமைச்சகக் கட்டடம். உள்ளே கோப்புகள்.)

பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் அங்கே போய் மனம்போல முடிவெடுப்பதில்லை. எதற்குச் சம்மதிக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தலைநகரத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மாநாடு தொடங்கிய பிறகு நாம் குரல் கொடுத்தால் பாதி நேரம் தாமதம்தான்.

2019-இல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள், காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்கலாம் என்று தங்கள் அரசுகளுக்கு எழுதத் தொடங்கினார்கள். அந்தத் தீவு நாடுகளில் ஒன்றான வனுவாட்டுவின் அரசு அதைக் கையிலெடுத்தது. 2023-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. 2025 ஜூலை 23-இல் நீதிமன்றம் கருத்துச் சொன்னது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, 1.5 டிகிரிதான் நாடுகள் ஒப்புக்கொண்ட முதன்மை இலக்கு. பாரிஸில் அடைப்புக்குறிக்குள் கிடந்த அதே எண்.

அவர்கள் தொடங்கியது கடிதத்தில்தான். அடுத்த மாநாட்டுக்கு நம் குழு கிளம்பும் முன் உங்கள் தொகுதி எம்.பி.க்கும் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றையும் கைவிடும் கால அட்டவணைக்கு நம் குழு ஆதரவு தருமா, எந்தச் சொல்லுக்குக் கையெழுத்திடப் போகிறது என்று கேளுங்கள். பதில் வந்தால் கீழே பதிவிடுங்கள். வராவிட்டால் அடுத்த மாதம் மறுபடி எழுதுங்கள்.